ஓய்வுபெற்ற போர்க்கப்பலுக்கு ஒரு நந்தா விளக்கு

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களாகிய நாங்கள் காலத்தை நாற்பது ஆண்டுகளால் அளக்கப் பழகியவர்கள். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில் நீருக்கடியில் வைக்கப்பட்டிருக்கும் அத்திவரதர், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வந்து காட்சி தருகிறார். 1979-இல் பள்ளி மாணவனாக என் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் ஊரே மக்கள் வெள்ளத்தில் மிதந்தபோது, என் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த இரண்டு தரிசனங்களுக்கும் இடைப்பட்ட காலத்தைத் தன் ஆயுளாகக் கொண்டு வாழ்ந்து முடித்த ஒரு கப்பல் உண்டு. 1980 மே 4 அன்று பணியேற்று, 2021 மே 21 அன்று விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தில் கொடி இறக்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜ்புத்தான் அது. கரோனா பெருந்தொற்றுக் காலம் என்பதால், தளத்தில் இருந்த அதிகாரிகளும் மாலுமிகளும் மட்டும் கலந்துகொண்ட எளிய நிகழ்ச்சியில், சூரியன் மறையும் வேளையில் கடற்படைக் கொடி கடைசி முறையாக இறங்கியது. மறுநாள் நாளிதழில் அச்செய்தியைப் படித்தபோது என் மனத்தில் எழுந்த வினா ஒன்றே: மரத்தாலான மேனியை நாற்பது ஆண்டுகள் நீரில் வைத்துக் காக்கத் தெரிந்த நம்மால், இரும்பாலான ஒரு கப்பலைக் காக்க முடியாதா?

இவ்வினாவுக்கு விடை தேடும் முன், அக்கப்பலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ராஜ்புத், ஆங்கிலத்தில் 'டெஸ்ட்ராயர்' என்றும் தமிழில் நாசகாரிக் கப்பல் என்றும் சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பெரிய போர்க்கப்பல்களை நெருங்கி வந்து டார்பிடோ வீசிய சிறு படகுகளை விரட்டி அழிப்பதற்காகவே இவ்வகைக் கப்பல்கள் உருவாயின. அதனால் வந்த பெயர் அது. பின்னாளில் நீர்மூழ்கிகளை வேட்டையாடுவது, விமானத் தாக்குதலைத் தடுப்பது, ஏவுகணை வீசுவது என்று அவற்றின் பணி விரிந்தது. ஒரு கடற்படையில் மிக அதிகமாக ஓடிக் களைப்பவை பெரும்பாலும் இவைதாம்.

இந்தியக் கடற்படையில் 'ராஜ்புத்' என்ற பெயரைத் தாங்கிய நாசகாரிகள் இரண்டு. முதலாவது, 1942-இல் பிரிட்டிஷ் கடற்படையில் 'ரோதர்ஹாம்' என்ற பெயரில் பணியேற்று, 1949-இல் இந்தியாவுக்கு வந்த கப்பல். 1971 போரின்போது கிழக்குக் கடற்படைத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த்தைத் தேடிப் பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வரும் என்பதை அவர் எதிர்பார்த்தார். விக்ராந்த் அந்தமான் பக்கம் அனுப்பப்பட்டது. பழைய ராஜ்புத்தோ விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நின்று, விக்ராந்த் அங்கே இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகுமாறு கம்பியில்லாத் தந்திச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது.

1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில், விசாகப்பட்டினம் துறைமுகத்தை ஒட்டிய கடலில் காஜி மூழ்கியது. அதிலிருந்த 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. உள்ளே நிகழ்ந்த வெடிப்போ, தானே இட்ட கண்ணிவெடியோ காரணமாகலாம் என்பது பாகிஸ்தான் தரப்பு. இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கும் அந்த நிகழ்வின் முதன்மைச் சாட்சியான பழைய ராஜ்புத், 1976-இல் பணி முடிந்து உடைக்கப்பட்டது.

இரண்டாம் ராஜ்புத், அன்றைய சோவியத் ஒன்றியத்தில், இன்றைய உக்ரைனில் உள்ள நிக்கோலயேவ் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. இன்று ஜார்ஜியாவில் உள்ள போட்டி துறைமுகத்தில் அதைப் பணியில் சேர்த்தவர், அப்போது சோவியத் ஒன்றியத்துக்கான இந்தியத் தூதராக இருந்து பின்னாளில் பிரதமரான ஐ.கே. குஜ்ரால். அதன் முதல் தலைவர் கேப்டன் குலாப் மோகன்லால் ஹிரானந்தானி, பிற்காலத்தில் இந்தியக் கடற்படையின் வரலாற்றை எழுதியவர். ஏறத்தாழ 147 மீட்டர் நீளம். முழுச் சுமையுடன் சுமார் 5,000 டன் எடை. நான்கு எரிவாயுச் சுழலிகள். இந்தியா வாங்கிய இவ்வகைக் கப்பல்கள் ஐந்தில் இதுவே முதலாவது. அந்த வகைக்கே இதன் பெயர்தான்.

1987-இல் இலங்கைக்கு இந்திய அமைதிப்படை சென்றபோது, அந்தத் தீவைச் சுற்றிய கடலில் ராஜ்புத் காவல் பணி செய்தது. 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது இந்தியா மேற்கொண்ட நடவடிக்கையிலும் பங்கேற்றது. பின்னர், பிரமோஸ் ஏவுகணையைக் கப்பலிலிருந்து ஏவிச் சோதித்த தொடக்கக் கட்டத்தில் சோதனைத் தளமாக இருந்ததும் இக்கப்பலே. 31 தலைவர்களின் கீழ் ஏறத்தாழ 7,87,000 கடல் மைல்கள் ஓடியது. உலகை 36 முறை சுற்றிய தொலைவுக்குச் சமம் அது.

இத்தகைய கப்பல் ஓய்வுபெற்றால் அதன் முன்னே சில வழிகளே உள்ளன. உடைக்கும் தளத்துக்குச் சென்று பழைய இரும்பாகலாம். பயிற்சியில் இலக்காக நிறுத்தப்பட்டுக் குண்டுபட்டு மூழ்கலாம். அரிதாக, அருங்காட்சியகம் ஆகலாம். ஒரு கப்பல் ஓய்வுபெறும்போதெல்லாம் மூன்றாவது வழியை வேண்டும் குரல்கள் எழுகின்றன. அவ்வழி ஏன் அரிதாகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

காரணம் உப்பும் காற்றும்தான். கடல்நீரில் நிற்கும் எஃகு, ஒரு மெல்லிய மின்கலம்போல் ஓயாது அரிக்கப்படுகிறது. நீரும் காற்றும் மாறி மாறித் தொடும் நீர்மட்டக் கோட்டில் அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். அதைத் தடுக்கக் கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். எஃகுக்குப் பதிலாக அவை கரைந்து தம்மை ஈந்துகொள்ளும். அவை கரைந்ததும் புதியவை பொருத்த வேண்டும். அடியில் ஒட்டி வளரும் ஓடுடைய கடலுயிர்களைச் சுரண்ட வேண்டும். இவற்றையெல்லாம் செவ்வையாகச் செய்வதற்கு, நீரை இறைத்துவிட்டுக் கப்பலை நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர்துறைக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கொண்டுசென்றே தீர வேண்டும்.

பணியிலிருக்கும் கப்பலில் இந்த வேலை எதுவும் வெளியே தெரிவதில்லை. ராஜ்புத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். துருவைத் தட்டி உதிர்ப்பதும், வண்ணம் பூசுவதும், கதவின் கீல்களுக்கு எண்ணெய் இடுவதும் அவர்களுக்கு அன்றாடக் கடமை. ஓய்வுபெறும் நாளில் அந்த அறுநூறு கைகளும் ஒரே வேளையில் இறங்கிப் போய்விடுகின்றன. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இதைக் கண்டிருக்கிறேன். நெசவு நடக்கும் வரை குழித்தறி தலைமுறை தலைமுறையாக நிற்கும். நெய்பவர் வேறு வேலைக்குப் போய், தறி இரண்டு மழைக்காலம் சும்மா கிடந்தால் கரையான் ஏறிவிடும். உழைப்பால் தேய்வதைவிட, சும்மா இருப்பதால் அழிவதே விரைவு.

இந்த உண்மையை நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது விக்ராந்த்தின் வழியே. 1961-இல் பணியேற்று, 1971 போரில் சிட்டகாங், காக்ஸ் பஜார் ஆகிய துறைமுகங்களின் மீது விமானங்களை ஏவிய அக்கப்பல், 1997 ஜனவரி 31 அன்று ஓய்வுபெற்றது. 2001 முதல் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. நிலையான நிதியும், நிலையாக நிற்க ஓர் இடமும் அமையவில்லை. மக்கள் ஏறுவதற்குப் பாதுகாப்பற்றது என்று 2012-இல் மூடப்பட்டது. காக்கக் கோரிய வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றும் பயனின்றி, 2014-இல் உடைக்கப்பட்டது. அடுத்து ஓய்வுபெற்ற விமானந்தாங்கியான விராட்டும் 2020-இல் குஜராத்தின் அலாங் உடைப்புத் தளத்துக்கே சென்றது. அவற்றின்மேல் அன்பு காட்டியவர்களுக்குக் குறைவில்லை. அந்த அன்பை ஆண்டுதோறும் பணமாகவும் உழைப்பாகவும் மாற்றித் தரும் ஏற்பாடுதான் இல்லை.

எங்கள் மாவட்டமும் இவ்வகையில் ஒரு பாடத்தைப் பெற்றது. அதைப் பலரும் மறந்துவிட்டனர். 1974 ஆகஸ்ட் 10 அன்று சோவியத் ஒன்றியத்தின் ரீகா நகரில் பணியேற்று, 2010 டிசம்பரில் ஓய்வுபெற்ற 'வாக்லி' என்ற நீர்மூழ்கியை, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தில் கடல்சார் மரபு அருங்காட்சியகமாக நிறுவத் தமிழக அரசு திட்டமிட்டது. பல்லவரின் துறைமுக நகரில், கற்கோயில்களைக் காண வரும் மக்கள் ஒரு நீர்மூழ்கியின் வயிற்றுக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம் என்பது நல்ல கனவு. நீர்மூழ்கி சென்னைத் துறைமுகம்வரை வந்தது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தது. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. வரலாற்று ஆசிரியனாக, என் மாணவர்களிடம் "நம் மாவட்டத்துக்கு நீர்மூழ்கி வருகிறது" என்று ஆர்வத்துடன் சொன்னவன் நான். அது ஏன் வரவில்லை என்று பின்னாளில் அவர்கள் கேட்டபோது சொல்ல என்னிடம் விடை இல்லை.

வாக்லியின் மூத்த உறவு என்று சொல்லத்தக்க மற்றொரு நீர்மூழ்கி 'குர்சுரா'. அதுவும் ரீகாவில் 1969-இல் பணியேற்றதே. 1971 போர்க்காலத்தில் அரபிக் கடலில் காவல் புரிந்தது. 2001 பிப்ரவரியில் ஓய்வுபெற்ற அது, அடுத்த ஆண்டே விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிலத்தின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்டது. 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறக்கப்பட்டு, இன்றும் இயங்கி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பேரனுடன் அதைக் காணச் சென்றேன். ஆள் நுழையவும் குனிய வேண்டிய வட்டக் கதவுகளும், டார்பிடோக் குழாய்களுக்கு அருகிலேயே அமைந்த படுக்கைகளும் நூல் எதுவும் கற்பிக்க முடியாத பாடத்தைக் கற்பித்தன. எங்களுக்கு விளக்கம் சொன்னவர் ஓய்வுபெற்ற கடற்படையாளர். "இத்தனை பேருக்கு இங்கே எவ்வளவு தண்ணீர் தாத்தா?" என்று பேரன் என்னைக் கேட்க, அவர் தாமே குனிந்து, குளிக்காமல் கழிந்த நாள்களைப் பற்றிச் சிரித்தபடி சொன்னார். ஒரு கப்பலைப் பார்த்துவிட்டு வந்தோம் என்பதைவிட, ஒரு வாழ்வைக் கேட்டுவிட்டு வந்தோம் என்பதே பொருந்தும்.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு நீர்மூழ்கிகளில் ஒன்று நின்றது, மற்றொன்று நிற்கவில்லை. குர்சுராவுக்கு மூன்று நற்பேறுகள் வாய்த்தன. நீரிலிருந்து விலக்கி நிலத்தில் நிறுத்தப்பட்டது. பொறுப்பேற்க நகரிலேயே ஓர் அமைப்பு இருந்தது. கடற்படைத் தளம் அருகில் இருந்ததால் அதை அறிந்த மனிதர்கள் கிடைத்தனர். வாக்லிக்கு முதலில் கப்பல் வந்தது. மற்றவை பிறகு வரும் என்று காத்திருந்தோம்.

செல்வம் மிக்க நாடுகளுக்கும் இது எளிதன்று. பிரிட்டனில் 1944-இல் பணியேற்ற 'கவாலியர்' என்ற நாசகாரி, 1972-இல் ஓய்வுபெற்றபின் சவுத்தாம்ப்டன், பிரைட்டன், வடக்கே டைன் ஆற்றங்கரை என்று ஊர் ஊராக அலைந்து, உடைபடும் நிலைக்கே வந்தது. 1998-இல் சாத்தம் நகரின் பழைய கப்பல் தளத்தில் உலர்துறைக்குள் நிலைபெற்ற பிறகே அதற்கு வாழ்வு உறுதியானது. இன்று அது, இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய 142 பிரிட்டிஷ் நாசகாரிகளுக்கும் அவற்றில் மாண்ட 11,000-க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஓர் எஃகு உடல், இல்லாமற்போன 142 உடல்களுக்காகப் பேசுகிறது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் நீரிலேயே நிறுத்தப்பட்டுள்ள 'தி சல்லிவன்ஸ்' என்ற நாசகாரியின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் ஒரே கப்பலில் பணியாற்றி உயிர்நீத்த ஐந்து உடன்பிறந்தாரின் பெயரைத் தாங்கியது அது. 2022 ஏப்ரலில், அதன் அடித்தகடு பழுதாகி நீர் புகுந்து, கப்பல் ஒருபுறம் சாய்ந்து பாதி மூழ்கியது. பெரும் பாடுபட்டே நிமிர்த்தினார்கள். இவ்விரு கப்பல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். உலர்ந்த இடத்தில் நிற்பதும் நீரில் மிதப்பதும் எவ்வளவு வேறானவை என்பது விளங்கும்.

இங்கேதான் எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து கற்க வேண்டியது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தமிழகக் கோயில்களின் சோழர்காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிப்பதற்காக அளிக்கப்பட்ட கொடைகள் ஏராளம். விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது பெருவழக்கு. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் இவ்வளவு நெய் என்று அளக்கக் கடமைப்பட்டவர். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் சூட்டிய பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, முதுமையடையாத ஆடுகள்! ஆடு சாகாதா? சாகும். ஆனால் ஈனும் குட்டிகள் இறந்தவற்றின் இடத்தை நிரப்பும்; எண்ணிக்கை குறையாது; நெய்யும் குறையாது. விளக்கை வாங்கி வைத்தவனை அக்கல்வெட்டுகள் பெரிதாகப் பேசவில்லை. நெய்க்கு வழி செய்தவனையே பேசுகின்றன.

நாம் செய்யும் தவறு, விளக்கை மட்டும் வாங்கி வைப்பது. எனவே, இனி எந்த மாநில அரசோ நகராட்சியோ ஓய்வுபெற்ற கப்பலைக் கேட்டுப் பெற விரும்பினால், முதலில் ஒரு வைப்புநிதியை உருவாக்கட்டும். அதன் வட்டியிலிருந்தே ஆண்டுப் பராமரிப்பு நடக்க வேண்டும். முதலைத் தொடக் கூடாது. நிதி திரளாதவரை கப்பல் வரக் கூடாது. வரும் கப்பலை இயன்றவரை நிலத்திலோ உலர்ந்த துறையிலோ நிறுத்த வேண்டும். கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் என்று முறை வைத்திருப்பதுபோல, கப்பலின் தகடுகளை அளந்து பழுதுபார்க்கும் நாளும் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

முழுக் கப்பலையும் தாங்க இயலாத ஊர், இயலாது என்று ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை. 147 மீட்டர் நீளமுள்ள ஒரு நாசகாரியை நிலத்தில் ஏற்றுவது 91 மீட்டர் நீர்மூழ்கியை ஏற்றுவதைவிடப் பன்மடங்கு கடினம். அத்தகைய கப்பலின் மணியையும், நங்கூரத்தையும், தலைவர் நின்ற மேடையின் கருவிகளையும், நாட்குறிப்பேடுகளையும் ஓர் அரங்கில் முறையாக வைத்துக் காப்பது, முழு உடலையும் வாங்கித் துருப்பிடிக்க விடுவதைவிட மேலானது. அதனினும் மலிவானதும் அவசரமானதும் ஒன்று உண்டு. அக்கப்பல்களில் பணியாற்றிய மாலுமிகளின் நினைவுகளைப் பதிவு செய்வது. 1980-இல் இருபது வயதில் ராஜ்புத்தில் ஏறியவருக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். எஃகுக்காவது வண்ணம் பூசலாம்.

ஆயுதத்தைக் காத்து என்ன பயன், அந்தப் பணத்தில் நெசவாளிக்கு ஒரு வீடு கட்டலாமே என்று கேட்பவர் உண்டு. நெசவாளி மகனாகிய எனக்கு அக்கேள்வியின் நியாயம் புரிகிறது. ஒன்றைப் பறித்து மற்றொன்றுக்குத் தர வேண்டியதில்லை என்பதே என் பதில். போர்க்கப்பலை வழிபடுவதற்காகக் காக்கச் சொல்லவில்லை. விசாரிப்பதற்காகக் காக்கச் சொல்கிறேன். 1987-இல் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் வாழ்ந்த தமிழர்கள், இந்தியப் போர்க்கப்பல்களை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. காவல் என்று கண்டவர் உண்டு. அச்சத்துடன் கண்டவர் உண்டு. காஜி மூழ்கிய இரவைப் பற்றியும் இரு கூற்றுகள் உண்டு. நேர்மையான அருங்காட்சியகம் இவை அனைத்தையும் சொல்லும். பொருள் கண்முன் நின்றால் விவாதம் தொடரும். பொருள் உருக்கப்பட்டுவிட்டால், உரக்கப் பேசுபவர் சொல்வதே வரலாறாகிவிடும்.

என் தாயின் திருமணப் பட்டுப்புடவையை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் பெட்டியிலிருந்து எடுத்தேன். தந்தையே நெய்தது. பெட்டியில் பூச்சி இல்லை, ஈரம் இல்லை. ஆயினும் மடிப்பு மடிப்பாக, சரிகை ஓடிய இடமெல்லாம் கத்தி வைத்ததுபோல் விட்டுப்போயிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். நான் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன், பராமரிக்கவில்லை.

ராஜ்புத் வகையின் ஐந்து கப்பல்களும் 1980-களில் பணியேற்றவை. ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வை நோக்கி வரும் தலைமுறை அது. அடுத்த கப்பலின் கொடி இறங்கும் நாளில் மீண்டும் கோரிக்கைகள் எழும், அறிவிப்புகள் வரும். அன்று நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கப்பலை எங்கே நிறுத்துவது என்பதன்று. ஆடுகள் எங்கே என்பதுதான்.